அவசரக்காரன் ஏரிக்கு வந்த கதை

ஆவணி 18, புதன்

இன்றிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுத்து எனக்கு வராது, பெருவிரல்தான் வரும். எழுதுவது பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர். முப்பது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவர் என்பதால் என் வாயையும் தாங்குவார் என்று நம்புகிறேன். நான் ஏரிக்கரைப் பேச்சில் சொல்வேன்; அவர் அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு நோட்டில் உட்கார வைப்பார். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒருவன் வாயிலிருந்து விழுந்த முட்டாள்தனத்தைத் திருத்திக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் உபகாரம். நான் யாருக்கும் உபகாரம் செய்ய உட்காரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஒட்டுப்பாறை ஏரிக்குக் கிழக்கே, முன்பு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் ஒரு கம்பெனி மீன் பண்ணை வைத்திருக்கிறது. வைத்து ஐந்து வருஷம். அங்கே வளர்வது நம் சேல் கெண்டைதான், ஆனால் நம் சேல் இல்லை. அதன் கருவுக்குள் வேறேதோ மீனின் துண்டைச் செருகி ஊதவிட்டிருக்கிறார்கள். நம் சேல் ஒரு கிலோ வர இரண்டு வருஷம் எடுக்கும். அது ஏழு மாதத்தில் இரண்டு கிலோ. கம்பெனி அதற்கு ராஜசேல் என்று பட்டம் கட்டியது. நாங்கள் அவசரக்காரன் என்கிறோம்.

இப்போது அந்தக் கம்பெனிக்குக் கொல்லை போதவில்லை. ஏரிக்குள்ளேயே கூண்டு கட்டி லட்சக்கணக்கில் விட அனுமதி கேட்டிருக்கிறது. ஐப்பசியில் தாலுகா ஆபீசில் விசாரணை. மீனவர் சங்கத் தலைவன் கஜபதி காலையில் வந்தான். என் தம்பி முறைக்காரனின் மகன்.

"பெரிப்பா, அவசரக்காரன் ஏற்கெனவே ஏரிக்குள்ள பூந்துட்டான். பண்ணை ஒழுகுதுன்னு நாம நிரூபிச்சா கூண்டு வராது. அவங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்குது. நம்மகிட்ட நீதான் இருக்குற. எந்த வருஷம் இன்னா மீனு, எந்த நாளு எந்த வெள்ளம், எல்லாம் உன் தலைக்குள்ள இருக்குது. தெனம் பாக்குறத சொல்லி எழுதி வையி."

"கரண்டு போனா கம்ப்யூட்டர் நின்னுடும். நான் நிக்கமாட்டேன்" என்றேன்.

சந்தோஷமாகப் போனான். தலைவனாக இருப்பதற்கு வேண்டிய அறிவு அவனிடம் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

ஆவணி 19, வியாழன்

கிழிந்த வலையைத் தைத்தேன். கம்பெனி மேனேஜர் பைக்கில் கரைமேல் போனான். இரண்டும் கண்ணுக்கு வலி.

ஆவணி 23, திங்கள்

கஜபதியின் தெர்மாகோல் தெப்பத்தில் நானும் ஏறி வலை இழுக்கப் போனேன். எழுபத்தெட்டு வயதில் எதற்கு என்று டீச்சர் கேட்கிறார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் வயது குறைந்துவிடுமா?

பதினான்கு சேல் விழுந்தது. அதில் ஒன்பது அவசரக்காரன், அல்லது அவன் வழி வந்தது. பார்த்தாலே தெரியும். தலை சிறியது, வயிறு தாசில்தாருக்கு இருப்பது போல. செதிலில் பளபளப்பு இல்லை. புத்தி அதைவிட இல்லை. பண்ணையில் தீனி பைக்கில் வரும்; அந்தப் பழக்கம் கருவோடு வந்ததோ என்னவோ. இங்கே கரையில் எவன் பைக் போனாலும் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கிறது. ஓட்டுக்கு வேன் வந்தால் எங்கள் ஊர் நிற்பது போலவே. கொக்கு வந்து சிரமமில்லாமல் எடுத்துக்கொண்டு போகிறது.

நம் சேல் அப்படியா? ஆள் நிழல் விழுந்தால் ஆழத்துக்குப் போகும். புதுவெள்ளம் வந்தால் மட்டும் பயத்தை மறக்கும். கானாற்றில் எதிரேறி, ஒன்றரை மைல் போய், கூழாங்கல் திட்டில் முட்டை விட்டுத் திரும்பும். பெரிய புயல் வருஷத்தில் ஐப்பசி நான்காம் நாள் ஏறியது. பஞ்சம் வந்த வருஷத்தில் ஏறவே இல்லை. மறு வருஷம் இரண்டு மடங்காக ஏறியது. எனக்குத் தெரிந்து அறுபத்தைந்து வருஷத்தின் ஏற்றம் சொல்லுவேன்.

அவசரக்காரன் ஏறமாட்டான். மதகுப் பக்கத்துச் சேற்றிலேயே முட்டையைப் பீய்ச்சிவிட்டுத் தீனிக்குக் காத்திருப்பான். நம் கடுவன்களும், அதாவது ஆண் சேல்களும், அந்தப் பெரிய வயிற்றைப் பார்த்துவிட்டுக் கானாற்றை மறந்து அங்கேயே சுற்றுகின்றன. பிறக்கும் குஞ்சு இரண்டும் கெட்டது. போன சித்திரையில் தண்ணீர் வற்றியபோது முதலில் மூச்சு முட்டிச் செத்து மிதந்தது அவைதான். அவை அழுகி, ஒழுங்காக இருந்த மீனையும் கொன்றன.

மீன்வளக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணைக் கஜபதி வரவழைத்திருந்தான். ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் நகத்துண்டு அளவு வெட்டிச் சின்னச் சீசாவில் போட்டுக்கொண்டது. "அப்பா யாரு, அம்மா யாருன்னு இதுல தெரிஞ்சிடும் ஐயா" என்றது.

"மனுசனுக்கே அது சரியா தெரியறதில்ல" என்றேன். அந்தப் பெண் சிரித்தது. நல்ல பெண்.

ஆவணி 27, வெள்ளி

மேனேஜர் ஊருக்கு வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பை கொடுத்தான். பையில் மீன் படம், மீனுக்குக் கிரீடம். அந்தோணியார் கோயில் எதிரே நாற்காலி போட்டு எங்களிடம் பேசினான்.

"குளத்துல நாங்க வளர்க்கறது அத்தனையும் மலடு. வெளிய போனாலும் குட்டி போடாது."

"மீனு குட்டி போடாதுப்பா. முட்டை போடும். இது தெரியாமத்தான் அஞ்சு வருசம் மீன் வளக்குறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவனுக்கு முகம் சிவந்தது. ஆனால் விடவில்லை. "பெரியவரே, முட்டை போடற தாய்மீனு தனி ஷெட்டுல இருக்குது. தகரக் கூரை, சிமெண்டுத் தொட்டி, பூட்டு. அதுலேர்ந்து வெளியே போற தண்ணிகூட வடிகட்டி, காய்ச்சித்தான் போவுது. ஏரிக்கும் அதுக்கும் ஒன்றரை கிலோமீட்டர். மீனு நடந்தா வந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வெற்றிலை வாயில் இருந்தது. எழுந்து துப்பப் போனேன். திரும்பியபோது பேச்சு வேறு பக்கம் போயிருந்தது. துப்பினால் துப்பியதுதான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். எழுதிவிட்டார்.

ஆவணி 30, திங்கள்

மகள் பச்சையம்மாள் வந்தாள். அவள் புருஷன் ஏகாம்பரம் அந்தப் பண்ணையில்தான் தீனி போடும் வேலை செய்கிறான். மருமகன் பகையாளி வீட்டில் சோறு தின்பதை ஊர் என்னிடம் சொல்லிக் காட்டுவதுண்டு. காட்டட்டும்.

"நைனா, ஷெட்டு தாய்மீனை எண்ணுறாங்களாம். மூணு வருசத்துல மூணு கொறையுதாம். செத்துப் போச்சுன்னு இவரு எழுதி வெச்சிருக்காரு. செத்த மீனு எங்கன்னு கேக்குறாங்க. இவரு ரெண்டு நாளா சோறு தின்னல."

"வாய மூடிக்கினு வீட்டுக்குப் போ" என்றேன்.

இதை எழுத வேண்டாம் டீச்சர்.

புரட்டாசி 4, சனி

புரட்டாசி பிறந்தாயிற்று. ஊரில் பாதி நாமம் போட்டுக்கொண்டு மீனை மறந்துவிட்டது. ஐப்பசி முதல் நாள் விடியலில் கடைக்கு முதல் ஆளாக வந்து, தலை எனக்கு, செவுள் எனக்கு என்று சண்டை போடுவதும் இந்தப் பாதிதான். மீன் விற்காததால் வேலை இல்லை. டீச்சர் வீட்டில் மட்டும் குழம்பு மணக்கிறது. அவர்களுக்குப் பெருமாள் தொந்தரவு இல்லை.

டீச்சர் தாய்மீன் வழக்கத்தைக் கேட்டார். விசாரணையில் கேட்பார்கள், எழுதி வைப்போம் என்றார். சொல்கிறேன்.

புதுவெள்ளம் ஏரிக்குள் நுழையும் நாளில் முதல் வலையில் விழும் சேலில் எது பெரியதோ, எது முட்டை தாங்கியதோ, அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கங்கையம்மனுக்குச் சூடம் காட்டி, மதகடியில் திரும்ப விடவேண்டும். தின்னும் கையே முதல் தாயைத் திருப்பிக் கொடுக்கிறது என்று அர்த்தம். வயிறு வெறுமையான மீனை விட்டால் அம்மனை ஏய்த்த பாவம். வயிற்றைத் தடவி முட்டை இருக்கிறதா என்று பார்த்து விடுகிற கை எங்கள் குடும்பத்துக் கை. அப்பாவுக்குப் பிறகு ஐம்பத்தொரு வருஷம் நான்.

மூன்று வருஷமாகப் புதுவெள்ளத்தன்று மற்றவர்கள் வலையில் சாண் நீளத்துக்கு மேல் நம் சேல் விழவில்லை. அப்போதும் தாய்மீன் தவறவில்லை. நாலரைக் கிலோ, ஐந்து கிலோ என்று விட்டேன். ஊரே கும்பிட்டது. கையில் இருக்கிறது வித்தை என்றார்கள்.

"அது எந்த எடத்துல கெடச்சிது அண்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

ஏரி என்றால் பல இடம் இருக்கும்.

புரட்டாசி 5, ஞாயிறு

டீச்சர் கோயிலுக்குப் போய்விட்டார். இந்த நாளை மறுநாள் சொல்லி எழுதியது. ஒன்றும் நடக்கவில்லை.

புரட்டாசி 16, வியாழன்

கல்லூரிப் பெண் முடிவோடு வந்தது. சங்கக் கட்டிடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம்.

"ஏரியில இருக்கற கலப்பு மீனு எல்லாமே ரெண்டு மூணு தாய் வழியில வந்ததுதான். குளம் உடைஞ்சு கூட்டமா வந்திருந்தா நூறு தாய் தெரியணும். அதுவும் மலடு இல்லாத தாய். ஷெட்டு மீனு. யாரோ கையில தூக்கிட்டு வந்து விட்ட மாதிரி இருக்குது."

"கம்பெனிக்காரனே வேணும்னு வுட்டிருப்பான்" என்றான் கஜபதி. "ஏரி கெட்டுப்போச்சுன்னா இனிமே கூண்டு வந்தா இன்னான்னு கேக்கலாமில்ல? இன்னா பெரிப்பா?"

"அவனுக்கு அவ்வளவு மூளை இல்ல" என்றேன்.

கஜபதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நான் எவனையும் காப்பாற்றிப் பேசி அவன் கேட்டதில்லை.

சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெயில்.

புரட்டாசி 20, திங்கள்

விடியலில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் கானாற்றில் புதுத் தண்ணீர், செம்மண் நிறத்தில், நுரையோடு. நான் குடை பிடித்துக்கொண்டு கூழாங்கல் திட்டு வரை நடந்தேன். டீச்சர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூட வந்தார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு சேல் ஏறவில்லை. இரண்டு கெளுத்தியும் ஒரு தண்ணீர்ப் பாம்பும் ஏறின. திரும்பும்போது மதகடியில் அவசரக்காரன் கூட்டம். பால் வண்டிக்காரன் பைக் போயிற்று. அத்தனையும் வாயைத் திறந்தன.

டீச்சர் கேட்கவில்லை. நானே சொன்னேன். அங்கே மழையில் சொன்னதை இங்கே உட்கார்ந்து மறுபடியும் சொல்கிறேன்.

மூன்று வருஷம் முன்பு, புதுவெள்ளத்தன்று நான்கு வலை இழுத்தும் தாய்மீன் கிடைக்கவில்லை. சூடம் தயார், மேளம் தயார். "பொன்னுரங்கத்துக்குக் கை போச்சு" என்று எவனோ பின்னால் சொன்னான். எவன் என்று தெரியும், பெயர் வேண்டாம். நாளைக் காலை விடலாம் என்று சொல்லிவிட்டு நேராக ஏகாம்பரத்திடம் போனேன்.

"குளத்துலேர்ந்து ஒண்ணு தூக்கியாறேன் மாமா. யாரும் கேக்கமாட்டாங்க" என்றான்.

நான் அவன்மேல் எரிந்து விழுந்தேன். "குளத்து மீனு மலடுன்னு நீதானேடா சொன்ன? முட்டை இல்லாதத வுட்டு அம்மன ஏய்க்கச் சொல்றியா? ஷெட்டுலேர்ந்து கொண்டா. வயிறு நெறைஞ்சதா பாத்துக் கொண்டா."

பயந்துகொண்டே கொண்டுவந்தான். ஈரச் சாக்கில் சுற்றி, கல்யாண அண்டாவில் தண்ணீர் ஊற்றி, மொபெட்டில் வைத்து. நான் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். முட்டை தாங்கியிருந்தது. மஞ்சள் பூசினேன். மறு வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் கேட்கக் கூச்சம்கூட இல்லை.

சோம்பேறியாக இருந்து ஒரு மலட்டு மீனை விட்டிருந்தால் ஏரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முறை தவறக்கூடாது என்று கெடுத்தேன். ஊரில் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்து இந்த நோட்டில் சொல்லியிருக்கிறேன். டீச்சர், அந்த வரிசையில் முதல் பெயராக என் பெயரை மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மேலே பெயரை எழுதவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த இரண்டு வரி மறுநாள் சொன்னது.

ஐப்பசி 3, திங்கள்

கஜபதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அப்படியே திண்ணையில் உட்கார்ந்தான்.

"இந்த வருசத் தாய்மீனு வலையே இன்னும் நீ இழுக்கவுடல. இப்பத்தான் புரியுது." பிறகு குரல் தாழ்ந்தது. "பெரிப்பா, கால்ல வுழறேன். விசாரணையில வாயத் தெறக்காத. பண்ணை ஒழுகலன்னு ஆயிட்டா கேசு பூடும். கூண்டு வந்துடும். நூத்திப்பத்து குடும்பம். உன் ஒரு ஆளு மனசு நிம்மதிக்கு ஏரிய குடுக்க முடியாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. தலைவன் என்று அவனைக் கிண்டல் செய்தது ஆவணியில். அதை அடிக்க வேண்டாம், இருக்கட்டும்.

பச்சையம்மாளும் புருஷனோடு வந்தாள். ஏகாம்பரம்தான் பேசினான். "சொல்லிடு மாமா. அவங்க கேக்குறதுக்கு மின்னாடி நாம சொல்லிடலாம். எனக்கு அந்த ஷெட்டுக்குள்ள போவவே முடியல."

ஐப்பசி 6, வியாழன்

தாலுகா ஆபீசில் மின்விசிறி சத்தம் அதிகம், காற்று இல்லை. அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். கம்பெனிக்கு வக்கீல் இரண்டு பேர். கல்லூரிப் பெண் தாளைக் கொடுத்தது. மேனேஜர் பூட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். மீன் நடக்காது என்று மறுபடியும் சொன்னான். அந்த வாக்கியத்தின்மேல் அவனுக்கு அத்தனை ஆசை.

என்னைக் கூப்பிட்டார்கள். கஜபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மீனு நடக்கலம்மா. அண்டாவுல போச்சு. மூணு வருசம், மூணு மீனு. நான்தான் வுட்டேன்" என்றேன். காரணமும் சொன்னேன்.

பின்னால் எங்கள் ஆட்கள் பக்கம் சலசலப்பு. வக்கீல் எழுந்தான். மாப்பிள்ளை வீட்டார் போல முகம். "ஆக, எங்க பண்ணை ஒழுகல. சங்கத்துச் சாட்சியே ஒத்துக்கறாரு."

"மீனை யாரு எடுத்துக் குடுத்தாங்க பெரியவரே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"யாரும் குடுக்கல. நானே செவுரு ஏறிக் குதிச்சி எடுத்தேன்."

ஏகாம்பரம் வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். இந்த இடத்தில் டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். ஆமாம், பொய்தான். எழுதுங்கள்.

"இந்த வயசுல சுவர் ஏறினீங்களா?"

"எழுவத்தெட்டு வயசுக் கெழவன் ஏறுற செவுருதாம்மா அது. அதுக்குத்தான் அந்தத் தம்பி அரைமணி நேரம் பூட்டு பாடுனாரு."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு எழுதிக்கோம்மா. மூணே மூணு மீனு. ஒரு கெழவன் வீம்புக்கு வுட்டது. மூணு வருசத்துல பதினாலு மீனு புடிச்சா ஒன்பது அதும் வழி. போன மாசம் புதுவெள்ளத்துல கானாத்துல ஒண்ணுகூட ஏறல. இவங்க லட்சக்கணக்குல கொண்டாந்து ஏரிக்குள்ளயே வெக்கப்போறாங்க, நடுவுல ஒரு வலைத்துணி. திருடன் நானு, ஒத்துக்கறேன். ஒரு திருட்டு மூணு மீனுக்கே ஏரி போவுதுன்னா, அத்தனையும் உள்ள இருந்தா எத்தினி நாளு தாங்கும்? அத மட்டும் அந்தக் கம்ப்யூட்டர்ல கேட்டுச் சொல்லச் சொல்லு."

பெருவிரல் வைத்தேன். வெளியே யாரும் என்னோடு பஸ்ஸுக்கு நிற்கவில்லை. டீச்சர் மட்டும் நின்றார்.

ஐப்பசி 7, வெள்ளி

ஏகாம்பரத்துக்கு வேலை போயிற்று. என் பொய் அவனைப் போலீசிலிருந்து காப்பாற்றியது, சோற்றிலிருந்து காப்பாற்றவில்லை.

ஐப்பசி 17, திங்கள்

உத்தரவு வந்தது. கூண்டுக்கு அனுமதி இல்லை. மறு ஆய்வு முடியும்வரை என்று ஒரு வால் இருக்கிறதாம்; அரசாங்கத்துக் காகிதத்துக்கு வால் இல்லாமல் இருக்குமா? ஊரில் வெடி போட்டார்கள். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வெடிச் சத்தம் வந்தது.

சங்கத்தில் தீர்மானம் போட்டார்களாம்: இனி தாய்மீனில் பொன்னுரங்கம் கை வைக்கக்கூடாது. மீன் துடுப்பைக் கல்லூரிக்கு அனுப்பி, சுத்தமான சேல் என்று சீட்டு வந்த பிறகுதான் விட வேண்டும். சீட்டு வர இரண்டு வாரம். அதுவரை அம்மன் வரிசையில் நிற்க வேண்டும், ரேஷன் கடையில் நிற்பது போல. நல்ல தீர்மானம். நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

ஐப்பசி 25, செவ்வாய்

காலையில் கஜபதி வந்தான். பதினெட்டு நாளில் முதல் தடவை. பின்னால் இரண்டு பேர் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள்.

இந்த வருஷத்துத் தாய்மீன் வலையை இப்போதுதான் இழுத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சேல். மூன்று கிலோவுக்குக் குறையாது, முட்டை தாங்கியது. நான் அண்டாவில் கொண்டுவந்ததை விட்டால், எத்தனையோ வருஷமாக நம் ஏரியில் இந்த அளவு பார்த்ததில்லை.

"கல்லூரிக்குத் துண்டு அனுப்பிட்டோம்" என்றான் கஜபதி. "சீட்டு வர ரெண்டு வாரமாம். தொட்டியில அதுவரைக்கும் தாங்காது. இன்னிக்கு வுட்டாத்தான் உண்டு. நம்மளதா, அவனுதா? நீ பாத்து ஒரு வார்த்த சொல்லு பெரிப்பா. தீர்மானத்த நான் பாத்துக்கறேன்."

தொட்டி பக்கத்தில் குந்தினேன். மீனைக் கையில் தாங்கி வயிற்றைத் தடவினேன். தலை நம் சேலுடையது. உதடு நம் சேலுடையது. செதிலில் பளபளப்பு இருந்தது, ஆனால் முதுகுப் பக்கம் மட்டும். வயிறு சந்தேகமாக இருந்தது, முட்டையினால் இருக்கலாம். வாலைப் பார்த்தேன். மறுபடியும் தலையைப் பார்த்தேன். அப்பா சொன்ன அடையாளம் ஒன்பதையும் பார்த்தேன். ஐந்து இந்தப் பக்கம் சொன்னது, நான்கு அந்தப் பக்கம்.

மூன்று பேரும் நின்றார்கள். டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"வுடலாமா, வேணாமா?" என்றான் கஜபதி.

"தெரியலடா" என்றேன்.

அவன் நம்பவில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தான். "பெரிப்பா, வெளையாடாத."

"நெசமாத்தான் தெரியல."

கஜபதி தொட்டியைத் தூக்கச் சொல்லவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. மீன் தொட்டிக்குள் சுற்றுவதும், மூலையில் முட்டித் திரும்புவதுமாக இருந்தது.